ஜப்பானிய கார்ட்டூனை அமெரிக்க டிவிக்கு வெட்டித் தைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

இந்தியாவில் டோரேமான் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு நோபிதா எப்போதும் நோபிதாதான். அதே பையன் 2014 ஜூலையில் டிஸ்னி எக்ஸ்டி வழியாக அமெரிக்கா போனபோது 'நோபி' ஆகிவிட்டான். ஷிசுகா 'சூ', ஜியான் 'பிக் ஜி', சுனியோ 'ஸ்னீச்'. சாப்ஸ்டிக் பிடித்த கையில் முள்கரண்டி வந்தது. யென் டாலரானது. தெருவில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு சுட்டு விற்ற வண்டி பாப்கார்ன் வண்டியானது. பரீட்சைத் தாளில் வாங்கிய முட்டை, 'எஃப்' கிரேடாக மாறியது.

இதையெல்லாம் பார்ப்பவர்கள் 'சென்சார்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவார்கள். எடிட்டிங் மேஜையில் உட்கார்பவருக்குத் தெரியும், முதல் கத்தரியைப் போடுவது கடிகாரம். இரண்டாவது, விளம்பர இடைவேளை. ஒழுக்கம் மூன்றாவதாகத்தான் வரும். எந்தக் காரணத்துக்காக வெட்டினாலும் அந்த வெட்டு ஒரு கடன். படத்தில் எடுத்ததை ஒலியிலோ வசனத்திலோ கதையிலோ திருப்பிக் கட்டியாக வேண்டும். கட்டாமல் விட்டால் நாற்பது எபிசோடு கழித்து வட்டியோடு வந்து நிற்கும்.

இங்கே சொல்லப்படும் முறை, 1990களிலும் 2000களிலும் ஜப்பானிய அரை மணி நேரத் தொடர்கள் அமெரிக்கக் குழந்தைகள் சேனல்களுக்குப் போன வழியை ஒட்டியது. மென்பொருள் மாறிவிட்டது, வேலையின் வரிசை மாறவில்லை.

முதலில் பெட்டியைத் திறந்து பாருங்கள்

ஜப்பானிலிருந்து வர வேண்டியவை: வசனம், இசை, ஒலிவிளைவு மூன்றும் கலந்த மாஸ்டர் என்ற மூலப் பிரதி, எழுத்து எதுவும் இல்லாத தொடக்க, முடிவுப் பாடல் காட்சிகள், வசனம் நீக்கிய இசை–எஃபெக்ட்ஸ் டிராக், தொழிலில் 'எம் அண்ட் ஈ' என்பார்கள், ஜப்பானிய வசனத் தாள், எந்த இசைத்துண்டு எங்கே வருகிறது என்ற பட்டியல். இவற்றில் எம் அண்ட் ஈ எப்படி வந்திருக்கிறது என்பதுதான் உங்கள் அடுத்த மூன்று மாத வாழ்க்கையைத் தீர்மானிக்கும்.

இசை தனி, எஃபெக்ட்ஸ் தனி என்று இரண்டு டிராக்காக வந்தால் அதிர்ஷ்டம். இரண்டும் ஒரே டிராக்கில் கலந்து வந்தால், படத்தில் எங்கே கத்தரி போட்டாலும் பின்னணி இசை விக்கும். 1960, 70களின் தொடர்களில் அந்த டிராக்கே கிடைக்காமல் போவதுண்டு. அப்போது காலடிச் சத்தம் முதல் கதவுச் சத்தம் வரை புதிதாகப் போட வேண்டும். பழைய அமெரிக்கப் பதிப்புகள் பலவற்றில் இசை முழுக்க மாறியிருப்பதற்கு ரசனை மட்டும் காரணமில்லை. மிச்சம் வைக்க எதுவும் கையில் இல்லை.

அடுத்து படத்தின் ஃபிரேம் ஓட்டம். பழைய அனிமேஷன் ஃபிலிமில் விநாடிக்கு 24 ஃபிரேமாக எடுக்கப்பட்டது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி விநாடிக்கு 29.97 ஃபிரேம். ஆகவே டேப்பில் ஏற்றும்போது நான்கு ஃபிலிம் ஃபிரேம்கள் ஐந்து வீடியோ ஃபிரேம்களாக நீட்டப்படும்; அந்த ஐந்தில் இரண்டு, பக்கத்துப் பக்கத்துப் படங்கள் கோடு கோடாகக் கலந்தவை. இதை அப்படியே வைத்துக்கொண்டு வெட்டினால் வெட்டுவாயில் ஒரு கலப்பட ஃபிரேம் மாட்டிக்கொண்டு படம் துடிக்கும். பெயின்ட் வேலையில் தொல்லை இன்னும் அதிகம்: ஒரு சிகரெட்டை அழிக்க, கோடுகளுக்கு நடுவே இரண்டு முறை அழிக்க வேண்டியிருக்கும். எனவே வெட்டுவதற்கு முன்பே இந்தக் கலப்படத்தை நீக்கி 24க்குத் திருப்பிவிடுங்கள். இந்த ஒரு நாள் வேலையைத் தவிர்த்தவர்கள் பிறகு ஒரு மாதம் திருத்திக்கொண்டிருப்பார்கள்.

கூடவே ஒப்பந்தத்தையும் படியுங்கள். எவ்வளவு வெட்டலாம், பெயர் மாற்றலாமா, இசை மாற்றலாமா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் 'நவ்சிகா' படம் 1985இல் அமெரிக்காவில் இருபது நிமிடங்களுக்கும் மேல் வெட்டப்பட்டு, வேறு பெயரில் வெளியானது. அதன் பிறகு அவருடைய ஜிப்லி ஸ்டூடியோ வெட்டக் கூடாது என்பதை நிபந்தனையாகவே வைத்துவிட்டது.

65 என்ற எண்

அமெரிக்காவில் உள்ளூர் நிலையங்களுக்குத் தினசரித் தொடராக விற்க, வாரத்துக்கு ஐந்து எபிசோடு, 13 வாரம், ஆக 65 எபிசோடு வேண்டும். ஜப்பானில் வாரம் ஒன்று என்று ஓடிய தொடருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 1985இன் 'ரோபோடெக்' இதற்குப் பாடநூல் உதாரணம். அடிப்படையான 'மேக்ராஸ்' 36 எபிசோடுதான். அதோடு சம்பந்தமே இல்லாத வேறு இரண்டு தொடர்களைச் சேர்த்து, மூன்று தலைமுறைக் கதை என்று வசனத்தால் முடிச்சுப் போட்டு, 85 எபிசோடாக விற்றார்கள். தையல் தெரியத்தான் செய்கிறது. ஆனால் துணி கிழியவில்லை.

கையில் அதிகம் இருந்தால் தேவையில்லாததை உதிர்க்கலாம் என்று தோன்றும். 'செய்லர் மூன்' 1995இல் முதலில் 65 எபிசோடாகத்தான் ஒளிபரப்பானது. சில எபிசோடுகள் முழுதாக விடப்பட்டன. முதல் பருவத்தின் கடைசி இரண்டும் ஒன்றாகச் சுருக்கப்பட்டன. இப்படிச் செய்யும்போது எது 'தேவையில்லாத' எபிசோடு என்று முடிவெடுக்க அவசரப்படாதீர்கள். தொடர் ஜப்பானில் முடிந்துவிட்டதென்றால் முழுவதையும் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். முடியாவிட்டால், எந்தப் புதுப் பாத்திரம் அறிமுகமாகும் எபிசோடையும் தொடாதீர்கள்.

இந்த விதியை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 'ஒன் பீஸ்' உதாரணம். ஃபோர்கிட்ஸ் நிறுவனம் 2004இல் தொடங்கிய அமெரிக்கப் பதிப்பில் ஏறத்தாழ 143 எபிசோடுகள் 104ஆகச் சுருங்கின. லபூன் என்ற திமிங்கிலம் வரும் பகுதி மொத்தமாகப் போனது. கப்பல் மோதும் இடத்தில் திமிங்கிலத்துக்குப் பதில் ஒரு பனிப்பாறை. அப்போது அது ஒரு பக்கக் கதையாகத்தான் தெரிந்தது. மூலக்கதையில் பிறகு ப்ரூக் என்ற பாத்திரம் வந்தபோது, அவனுடைய வாழ்க்கையே அந்தத் திமிங்கிலத்தோடு கட்டப்பட்டிருந்தது. பனிப்பாறைக்காக ஐம்பது வருஷம் யார் ஏங்குவார்கள்?

நேரக் கணக்கு

இப்போது ஸ்டாப்வாட்ச். ஜப்பானிய எபிசோடு ஒன்றைப் பிரித்தால் இப்படி இருக்கும்: தொடக்கப் பாடல் 1:30, கதை 20:50, நடு இடைவேளையின் சின்னக் காட்சிகள் இரண்டும் சேர்த்து 0:10, முடிவுப் பாடல் 1:30, அடுத்த வார முன்னோட்டம் 0:30. மொத்தம் 24:30.

அமெரிக்க நிலையம் கேட்பது 21:00 என்று வைத்துக்கொள்வோம். அதில் தொடக்கப் பாடல் 1:00, முடிவு எழுத்துகள் 0:40, அடுத்த எபிசோடின் முன்னோட்டம் 0:20. கதைக்கு மிச்சம் 19:00. அதாவது கதையிலிருந்து 1:50 போக வேண்டும்: 110 விநாடி, 24 ஃபிரேம் கணக்கில் 2,640 ஃபிரேம். ஒரு துப்பாக்கியோ ஒரு சொட்டு ரத்தமோ இல்லாத எபிசோடாக இருந்தாலும் இந்த 2,640 போய்த்தான் ஆக வேண்டும்.

ஏன் 21 நிமிடம்? அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுக் குழந்தைகள் தொலைக்காட்சிச் சட்டம், குழந்தைகள் நிகழ்ச்சிகளில் விளம்பரத்தை மணிக்கு வார இறுதியில் பத்தரை நிமிடம், வார நாட்களில் 12 நிமிடம் என்று கட்டுப்படுத்துகிறது. அரை மணிக்கு ஆறு நிமிடம் விளம்பரம், அதற்கு மேல் நிலையத்தின் சொந்த முன்னோட்டங்கள், அறிவிப்புகள். மீதிதான் உங்களுக்கு.

ஒரு பழைய பொறி இங்கே உண்டு. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இடும் நேர எண்ணை டைம்கோடு என்பார்கள். 29.97 ஓட்டத்தில் நிஜக் கடிகாரத்தோடு ஒத்துப்போக அவ்வப்போது சில எண்களைத் தாண்டும் 'டிராப் ஃபிரேம்' டைம்கோடு, தாண்டாத சாதாரண டைம்கோடு என்று இரண்டு உண்டு. சாதாரணத்தில் 21:00 என்று காட்டுவது நிஜத்தில் 21 நிமிடம் ஒன்றேகால் விநாடி ஓடும். நிலையத்தின் கணினி அந்த ஒன்றேகால் விநாடியை இரக்கமில்லாமல் நறுக்கிவிடும். போவது பெரும்பாலும் கடைசி வசனம். வேலை தொடங்கும் முன்பே டிராப் ஃபிரேமுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஐரோப்பாவுக்கும் போகிற மாஸ்டர் என்றால் இன்னொன்று: அங்கே விநாடிக்கு 25 ஃபிரேம். 24ஐ அப்படியே 25இல் ஓட்டினால் எல்லாம் 4 விழுக்காடு வேகமாகும், குரலும் சற்றே கீச்சென்று உயரும். சுருதியைத் தனியாக இறக்கிக் கொடுக்க வேண்டும்.

எங்கே கத்தரி வைப்பது

ஜப்பானிய எபிசோடு நடுவில் ஒரே இடைவேளையுடன் இரண்டு பாகமாக எழுதப்படுவது. அமெரிக்க நிலையம் இரண்டு அல்லது மூன்று இடைவேளை கேட்கும். ஆக, வெட்டுவதற்கு முன் இடைவேளைகளைக் குறியுங்கள். கதவு திறக்கிறது, அங்கே யாரோ நிற்கிறார்கள் என்கிற மாதிரியான இடம் வேண்டும். அப்படி இடம் இல்லாவிட்டால் காட்சிகளின் வரிசையை மாற்றி உண்டாக்குவார்கள். மாற்றும்போது ஜன்னலுக்கு வெளியே இருக்கும் வெளிச்சத்தைப் பாருங்கள். மாலைச் சிவப்புக் காட்சிக்குப் பின் மத்தியானக் காட்சி வந்தால் எட்டு வயதுக்காரன்கூடக் கண்டுபிடிப்பான்.

பிறகு கத்தரி வரிசை. முதலில் முந்தைய எபிசோடின் மறு ஒளிபரப்புத் துண்டுகள். அடுத்து பின்னோக்கிய நினைவுக் காட்சிகள். இவை ஏற்கனவே காட்டப்பட்டவை, ஆகவே கடன் குறைவு. அடுத்து கேமரா பக்கவாட்டில் நகரும் நீண்ட பேன் ஷாட்கள், நடந்து போகும் காட்சிகள். இவற்றின் வாலை அரை விநாடி, முக்கால் விநாடியாகச் சுரண்டினாலே பெரும்பாலும் எழுபது விநாடி தேறும்.

தொடக் கூடாதது மௌனம். ஒருவன் ஏதோ உளறுகிறான், எல்லோரும் உறைந்து நிற்கிறார்கள், சிள்வண்டு மட்டும் கத்துகிறது. இந்த மூன்று விநாடியில் எதுவும் 'நடக்கவில்லை' என்று வெட்டினால் ஜோக் செத்துவிடும். அமெரிக்கப் பதிப்புகளில் வெட்டாமலேயே கெடுக்கும் வழி ஒன்றும் உண்டு: குழந்தை சேனலை மாற்றிவிடும் என்ற பயத்தில், முகம் காட்டாத ஒவ்வொரு ஷாட்டிலும் ஒரு வசனத்தைத் திணிப்பது.

இசை ஓடும் இடத்தில் வெட்டுவது எப்படி? ஒரு சண்டைக் காட்சியில் 4 விநாடி எடுக்க வேண்டும், கீழே இசை ஓடுகிறது, தனி டிராக் இல்லை என்று வையுங்கள். முதலில் தாளத்தை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 120 அடி, நான்கு அடிக்கு ஓர் ஆவர்த்தனம் என்றால் ஓர் ஆவர்த்தனம் சரியாக 2 விநாடி, 48 ஃபிரேம். 4 விநாடியை 96 ஃபிரேமாக, ஆவர்த்தனத்தின் முதல் அடியில் தொடங்கி முதல் அடியில் முடியும்படி எடுத்தால் காது கண்டுபிடிக்காது. 90 ஃபிரேம் எடுத்தால் நொண்டும். தாளமில்லாத வயலின் இழுப்பு என்றால் வெட்டுவாயை ஒரு வெடிச் சத்தத்துக்கோ கதவடிக்கோ அடியில் மறைத்து, ஆறு முதல் எட்டு ஃபிரேம் வரை ஒன்றோடொன்று கரைய விடுங்கள். அதுவும் முடியாவிட்டால் வெட்டை வேறு இடத்துக்கு நகர்த்துங்கள். படம் சரியாக வரும் இடத்தைவிட ஒலி சரியாக வரும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. படத்தில் ஒரு குதி வந்தால் கண் மன்னித்துவிடும்.

ஸ்டாண்டர்ட்ஸ் அண்ட் பிராக்டிசஸ்

எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று பார்க்கும் சேனலின் இந்தத் துறையிடமிருந்து ஒரு குறிப்புத் தாள் வரும். குழந்தைகள் நேரத்துக்கான வழக்கமான புகார்கள்: ஆளை நோக்கி நீட்டப்பட்ட நிஜத் துப்பாக்கி, ரத்தம், புகை, மது, நிர்வாணம், சமயச் சின்னம், 'சாவு' என்ற சொல். எல்லாவற்றையும்விடக் கண்டிப்பானது 'குழந்தை வீட்டில் செய்து பார்க்கக்கூடியது' என்ற வகை. ராட்சச ரோபோ நகரத்தையே நொறுக்கலாம். ஒரு பையன் தலையில் பிளாஸ்டிக் பையை மாட்டக் கூடாது. இந்தத் தர்க்கம் புரிந்தால் எதை எதிர்த்து வாதாடலாம், எதை விட்டுவிடலாம் என்பது தெரியும்.

சாவை வசனத்தால் மறைப்பது பழைய வித்தை. 1978இன் 'பேட்டில் ஆஃப் த பிளானெட்ஸ்', ஜப்பானின் 'காட்சமன்' தொடரின் 105 எபிசோடுகளை 85ஆக்கியது. சண்டையை வெட்டியதால் விழுந்த ஓட்டைகளை நிரப்ப 7-ஸார்க்-7 என்ற ரோபோவைப் புதிதாக வரைந்து, அது உட்கார்ந்து கதை சொல்வதாக வைத்தார்கள். நொறுங்கும் நகரத்தில் ஏற்கனவே எல்லோரும் வெளியேற்றப்பட்டுவிட்டார்கள் என்று விளக்கம் வரும். 1996இல் 'டிராகன் பால் ஸீ'யின் முதல் 67 எபிசோடுகள் 53ஆனபோதும் இதே கதைதான். செத்தவர்கள் வேறு பரிமாணத்துக்குப் போனார்கள். தகர்ந்த கட்டடங்கள் ஞாயிற்றுக்கிழமை என்பதால் காலியாக இருந்தன. நரகத்துக் காவலர்களின் பனியனில் இருந்த ஆங்கில எழுத்துகளைக்கூட லேசாகத் திருத்தி, தோற்றவர்களின் இல்லம் என்று பொருள் வரும் சுருக்கெழுத்தாக்கினார்கள். அந்தக் குறும்பு இன்றும் ரசிகர்களுக்குச் செல்லம்.

'செய்லர் மூன்' முதல் பருவ முடிவில் நான்கு தோழிகளும் ஒருவர் பின் ஒருவராக இறப்பார்கள். இரண்டு எபிசோடை ஒன்றாக்கிய அமெரிக்கப் பதிப்பில் அவர்கள் பிடிபட்டதாகச் சொல்லப்பட்டது. வசனம் மாறியது, ஆனால் கதாநாயகி அழும் அழுகை மாறவில்லை. தோழிகள் சிறைப்பட்டதற்கு அந்த அழுகை கூடுதல். சொல்லை மாற்றினால் முகத்தையும் சரிபாருங்கள். முகத்தை மாற்ற முடியாவிட்டால் சொல்லை அந்த முகத்துக்குத் தகுந்த கனத்தில் எழுதுங்கள்.

பூச்சு வேலை

வெட்ட முடியாத இடத்தில் பூச வேண்டும். செலவு குறைந்ததிலிருந்து அதிகம் வரை: ஷாட்டைக் குறுக்குவது, பக்கத்து ஷாட்டை நீட்டி மூடுவது, ஃபிரேமைப் பெரிதாக்கி வேண்டாததை வெளியே தள்ளுவது, பின்னணியைப் புதிதாக வரைவது, ஒவ்வொரு படமாக அழிப்பது.

பெரிதாக்குவதற்கு எல்லை உண்டு. 480 கோடு கொண்ட பழைய மாஸ்டரில் 10–15 விழுக்காட்டைத் தாண்டினால் கோட்டோவியம் தடித்து, மற்ற ஷாட்டுகளோடு ஒட்டாது. இடம் வலமாகத் திருப்புவது சுலபம் என்று தோன்றும். வாள் இடக்கைக்குப் போகும், சட்டைச் சின்னம் எதிர்ப்பக்கம் போகும், அடுத்த ஷாட்டில் இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு பேசுவார்கள்.

அழிக்கும் வேலைக்கு ஒரு நற்செய்தி: டிவி அனிமேஷனில் ஒரு படம் இரண்டு அல்லது மூன்று ஃபிரேம் நிற்கும். ஆக, ஒரு விநாடிக்கு 24 அல்ல, 8 முதல் 12 படம் பூசினால் போதும். பாத்திரம் அசையாமல் வாய் மட்டும் அசையும் ஷாட்டில் ஒரே படம் போதும். தெருப் பெயர்ப்பலகை நகரும் பேன் ஷாட்டில் என்றால் பின்னணியை முழு நீளத்துக்கு ஒட்டி ஒரே ஓவியமாக்கி, ஒருமுறை பூசி, பழைய வேகத்தில் நகர்த்துங்கள்.

'ஒன் பீஸ்' சமையல்காரன் சான்ஜியின் வாயில் இருந்த சிகரெட்டை லாலிபாப் ஆக்கினார்கள். இரண்டுக்கும் வாயில் ஒரே இடம், ஒரே கோணம் என்பதால் கை அசைவும் பொருந்தியது. அந்த வகையில் இது நல்ல தேர்வுதான். ஆனால் ஸ்மோக்கர் என்ற அதிகாரியின் சுருட்டை அழித்தார்கள், புகையை விட்டுவிட்டார்கள். சுருட்டில்லாமல் வாயிலிருந்து புகை வந்துகொண்டிருக்கும். ஒரு பொருளை அழிக்கும்போது அது விடும் நிழல், புகை, தண்ணீரில் தெரியும் பிம்பம், அதைப் பிடித்த விரல்களின் மடிப்பு ஆகியவற்றுக்குத் தனி வரிசை போட்டுச் சரிபாருங்கள். 'யூகியோ'வில் துப்பாக்கியை அழித்த இடங்களில் முரடர்கள் வெறும் விரலை நீட்டி மிரட்டுவது இன்றுவரை கேலிக்கு ஆளாகிறது. மிரட்டப்படுபவர் கைகளைத் தூக்கி நிற்கிறார். அதை யாரும் பூசவில்லை.

போக்கிமானில் அரிசி உருண்டையை 'ஜெல்லி டோனட்' என்று வசனத்தில் மட்டும் சொன்னது இன்னொரு வகைப் பிழை. வெள்ளை முக்கோணத்தில் கருப்புப் பட்டை, சொல்வது டோனட். பிற்காலப் பருவங்களில் சில இடங்களில் அதையே சாண்ட்விச்சாகப் பூசினார்கள். பூசுவதென்றால் சொல்லோடு சேர்த்துப் பூசுங்கள், இல்லாவிட்டால் இரண்டையும் விட்டுவிடுங்கள்.

எழுத்துள்ள பலகைகளை அழிக்கும்போது ஆங்கிலம் எழுதி நிரப்பாமல் வெறுமையாகவோ படக்குறியாகவோ விடுவதற்கு வணிகக் காரணம் உண்டு: எழுத்தில்லாத ஒரே மாஸ்டரைப் பல நாடுகளுக்கு விற்கலாம். நம் ஊருக்கு வந்த போக்கிமானில் நாயகன் சடோஷி இல்லாமல் ஆஷ் ஆனதும் இதன் தொடர்ச்சிதான்; வந்தது அமெரிக்கப் பதிப்பின் வழியாக.

ஒளி மின்னல்: இதில் சமரசம் கிடையாது

1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான போக்கிமான் எபிசோடில் சிவப்பும் நீலமும் விநாடிக்குச் சுமார் 12 முறை மாறி மாறி மின்னின. 685 பேர், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். தொடர் நான்கு மாதம் நின்றது. அந்த எபிசோடு மறுபடி எங்கும் ஒளிபரப்பாகவில்லை. 1998 ஏப்ரலில் ஜப்பானிய ஒளிபரப்பாளர்கள் விதிமுறை வகுத்தார்கள். பிரிட்டனில் இதற்கு முன்பே விதி இருந்தது. அங்கே அனுப்பும் மாஸ்டர், ஆபத்தான மின்னல்களைக் கண்டுபிடிக்கும் ஹார்டிங் பரிசோதனையில் தேற வேண்டும்.

எளிதாக நினைவில் வைக்க: திரையின் கால் பங்குக்கு மேல் பரவும் மின்னல், எந்த ஒரு விநாடியிலும் மூன்று முறையைத் தாண்டக் கூடாது. அடர்சிவப்பு மாறி மாறி வருவது தனி ஆபத்து. 24 ஃபிரேமில் ஒரு ஃபிரேம் சிவப்பு, ஒரு ஃபிரேம் நீலம் என்றால் விநாடிக்கு 12. ஒவ்வொன்றையும் ஐந்து ஃபிரேமாக நீட்டினால் விநாடிக்கு 2.4, விதிக்குள் வந்துவிடும். நீட்ட முடியாத இடத்தில் இரண்டு நிறத்துக்கும் உள்ள பிரகாச வித்தியாசத்தைக் குறையுங்கள், அல்லது மின்னலைத் திரையின் ஒரு மூலைக்குச் சுருக்குங்கள். 1998க்கு முந்தைய எந்தத் தொடரை எடுத்தாலும் ஒவ்வொரு எபிசோடையும் பரிசோதியுங்கள். வெட்டெல்லாம் முடிந்த பிறகு மறுபடியும் பரிசோதியுங்கள்: இரண்டு தனித்தனி மின்னல்களுக்கு நடுவில் இருந்த காட்சியை நீங்களே எடுத்திருக்கலாம்.

வசனமும் வாயும்

படம் பூட்டிய பிறகுதான், அதாவது இனி வெட்டு இல்லை என்று முடிவான பிறகுதான், வசனம். எழுத்தாளருக்கு வெட்டாத படத்தைக் கொடுத்துவிட்டுப் பின்பு வெட்டினால், எழுதிய வாயசைவு எல்லாம் வீண்.

டிவி அனிமேஷனில் வாய்க்குப் பெரும்பாலும் மூன்றே படம்: மூடியது, பாதி, திறந்தது. ஜப்பானிய நடிகர்கள் படத்தைப் பார்த்துப் பேசுபவர்கள், ஆகவே மூலத்திலேயே வாய் கனகச்சிதமாகப் பொருந்தாது. இது உங்களுக்கு வரம். சொல்லுக்குச் சொல் பொருத்த வேண்டாம். தொடங்கும் இடம், நிற்கும் இடம், நடுவில் மூச்சு வாங்கும் இடம், கடைசியில் வாய் மூடும் இடம், இவை நான்கும் பொருந்தினால் பார்ப்பவர் நம்பிவிடுவார். கடைசி ஃபிரேமில் வாய் மூடினால் ப, ம போன்ற உதடு ஒட்டும் ஒலியில் முடியும் சொல்லைத் தேடுங்கள்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஜப்பானியமும் தமிழைப் போல வினையைக் கடைசியில் வைக்கும் மொழி. 'உன் அப்பாவைக் கொன்றது...' என்று இழுத்து, முகம் இருண்டு, கடைசியில் 'நான்தான்' என்று வரும்; அந்தச் சொல்லில் எதிரில் இருப்பவர் கண் விரியும். ஆங்கிலத்தில் 'நான்' முதலிலேயே வந்துவிடும், கண் விரிய இன்னும் இரண்டு விநாடி இருக்கும். வரியை உடைத்து, ரகசியத்தைப் பின்னுக்குத் தள்ளி எழுத வேண்டும். தமிழுக்கு மொழிமாற்றுபவர் ஜப்பானிய மூலத்திலிருந்து போனால் இது தானாக அமையும். ஆனால் நமக்கு வருவது பெரும்பாலும் ஆங்கிலத் தாள், ஆங்கிலத்துக்காகச் சீவப்பட்ட வாயசைவு. சுட்டி டிவியில் ஜாக்கி சானைக் கேட்டுச் சிரித்தவர்களுக்குத் தெரியும், வாயைவிடப் பேச்சின் உயிர்தான் நிற்கும் என்று.

தாளில் ஒவ்வொரு வரிக்கும் டைம்கோடு, பேசுபவர், வாய் தெரிகிறதா தெரியவில்லையா, முதுகா முகமா என்று குறியுங்கள். முனகல், மூச்சு, 'ஹா' எல்லாவற்றையும் வரியாக எழுதுங்கள். எம் அண்ட் ஈ டிராக்கில் இவை இருக்காது. விட்டால் சண்டைக் காட்சியில் ஊமைகள் அடித்துக்கொள்வார்கள்.

பெயர், ஆயுதம், இடம், மந்திரச் சொல் எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் முதல் எபிசோடிலேயே தொடங்கட்டும். எழுத்தாளர் மாறினாலும் பட்டியல் மாறக் கூடாது. பாலினம், உறவுமுறை மாற்றங்களும் அதில் ஏற வேண்டும்: 'செய்லர் மூன்' அமெரிக்கப் பதிப்பு ஸோய்சைட் என்ற ஆண் வில்லனைப் பெண்ணாக்கியது. அப்படி ஒருமுறை முடிவெடுத்தால், அந்தப் பாத்திரம் வரும் ஒவ்வொரு ஷாட்டையும் யாராவது பார்த்துத்தான் ஆக வேண்டும்.

ஒலிப்பதிவு, மிக்ஸிங்

நடிகர்கள் தனித்தனியாக வருவார்கள். காதில் மூன்று பீப். நான்காவது பீப் விழ வேண்டிய இடத்தில் பேச்சு தொடங்கும். கத்தும் வரிகளை அன்றைய வேலையின் கடைசியில் வையுங்கள். தொண்டை போய்விட்டால் மீதி எபிசோடு முழுக்க வேறு குரல்.

மிக்ஸிங்கில் முதலில் வெட்டுவாய்களைக் கேளுங்கள், பிறகு வசனத்தை. ஒரு வெட்டில் பின்னணிச் சத்தம், மழையோ கூட்டமோ, சட்டென்று நின்றால் படத்தில் ஒன்றும் தெரியாவிட்டாலும் ஏதோ விட்டுப்போனதாகக் காது சொல்லும். இரண்டு பக்கமும் ஒரே மழையை நீட்டி மூடுங்கள்.

அனுப்பும் முன்

தொடரோடு சம்பந்தப்பட்ட பொம்மையின் விளம்பரம் அந்தத் தொடருக்குள் வந்தால் அமெரிக்க விதிப்படி மொத்த நிகழ்ச்சியும் விளம்பரமாகக் கணக்காகும். விளம்பரம் போடுவது நிலையத்தின் வேலை. ஆனால் எந்தப் பொருள்கள் இந்தத் தொடரோடு சம்பந்தப்பட்டவை என்ற பட்டியலை மாஸ்டரோடு சேர்த்து அனுப்புவது உங்கள் வேலை. போக்கிமான் மாதிரித் தொடர் என்றால் அது நீளமான பட்டியல்.

மூலத்தைப் பார்க்காத ஒருவரை உட்கார வைத்து எபிசோடு முழுவதையும் ஓட்டுங்கள். எங்கே புருவம் சுருங்குகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், விளக்கம் சொல்லாதீர்கள்.

கடைசியாக வெட்டுப் பட்டியல். மூல டைம்கோடு, புதிய டைம்கோடு, எத்தனை ஃபிரேம், என்ன போனது, ஏன் போனது. 'ஏன்' என்ற பத்தியில் நேரம், சேனல் குறிப்பு, மின்னல், இசை என்று ஒரு சொல்லாவது எழுதுங்கள். சில வருடங்கள் கழித்து யாராவது முழுப் பதிப்பு கேட்டு வருவார்கள். அப்போது நேரத்துக்காகப் போனதை அப்படியே திருப்பி ஒட்டலாம். மின்னலுக்காகப் போனதைத் திருப்பக் கூடாது. படத்தைப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும்.